ரோன்97 கிடைக்காத ஊரில் டர்போ கார்: 95 ஊற்றலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பழைய கோல்ஃப் ஜிடிஐ ஒன்று வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊரில் ரோன்97 பெட்ரோல் அடிக்கடி தீர்ந்துபோகிறது. 95 ஊற்றினால் இன்ஜின் கெட்டுவிடுமா? ஆக்டேன் பூஸ்டர் போத்தலைக் கலந்துகொள்ளச் சொல்கிறார் ஒர்க்ஷாப்காரர். வாங்கலாமா?"

போத்தல் வேண்டாம் தம்பி. 95 ஊற்றலாமா என்பதற்குப் பதில் உங்கள் காரிலேயே இருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். குறைந்தது 95 என்று போட்டிருந்தால் தாராளமாக ஊற்றுங்கள். 98 என்றும் பக்கத்திலேயே 95 என்றும் இருந்தால், 98தான் சிறப்பு, 95 ஊற்றினால் இழுவை கொஞ்சம் குறையும் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

97-இல் சக்தி அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த ஆக்டேன் எண் (ரோன்) சொல்கிறது. டர்போவில் அழுத்தமும் சூடும் கூடுதல். தாங்காவிட்டால், தகரக் கூரையில் ரப்பர் விதை விழுவதுபோல 'டக் டக்' என்று கேட்கும். உங்கள் காரில் அதை உணரும் சென்சார் உண்டு. கம்ப்யூட்டர் உடனே தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடும், இழுவை குறையும். ஆகவே 95 இருக்கும்போது, உச்சி வெயிலில் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறுகையில் எண்ணெயை அழுத்தி மிதிக்காதீர்கள். சத்தம் கேட்டால் காலை எடுத்துவிட்டு ஒரு கியர் இறக்குங்கள்.

இப்போது அந்தப் போத்தல். லேபிளில் '30 பாயிண்ட் ஏறும்' என்று இருக்கும். பத்து பாயிண்ட் சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன். அதாவது ஏறுவது மூன்றுதான், அதுவும் சொன்னபடி ஏறினால். பல போத்தல்களில் இருப்பது மாங்கனீசு அல்லது இரும்புக் கலவை. தொடர்ந்து ஊற்றினால் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் செங்கல் நிறமாகிவிடும். கழற்றிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். பிறகு புதுப் பிளக்கையும் அதே ஆள்தான் விற்பார். 'ரேசிங் எண்ணெய்' என்று டிரம்மில் விற்பவர்களிடம் நெருங்கவே வேண்டாம். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலாக இருந்தால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விடும்.

ஒரே ஒரு விஷயத்தில் ஸ்டிக்கரை நம்பக்கூடாது: காரை ரீமேப் செய்திருந்தால். பழைய கார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முன்பு வைத்திருந்தவர் கம்ப்யூட்டரில் டர்போ அழுத்தத்தை ஏற்றி, ரோன்100-க்கு என்றே எழுதி வாங்கியிருக்கலாம். கோலாலம்பூரில் ரோன்100 கிடைக்கும், அவருக்குச் சரி. உங்கள் ஊரில் 97-க்கே தட்டுப்பாடு. அந்தக் காரில் 95 ஊற்றி வேகமாக ஓட்டினால் பிஸ்டன் உடையும் அளவுக்குப் போகலாம், சென்சார் எல்லா நேரமும் காப்பாற்றாது. விற்பவர் 'ஸ்டேஜ் ஒன்' ரீமேப் என்று பெருமையாகச் சொல்வார், எந்த எண்ணெய்க்கு எழுதியது என்று சொல்லமாட்டார், புரோக்கர் கேட்கவும் மாட்டார். விற்றவரிடம் நேரடியாகக் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால், ரீமேப் வியாபாரம் செய்யாத ஒர்க்ஷாப்பில் சோதித்து, கம்பெனி மேப்பையே திரும்பப் போடச் சொல்லுங்கள். அதுவரை 95-ஐத் தொடாதீர்கள்.

தட்டுப்பாட்டுக்கு வருவோம். 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்தபோது மைகார்டு காட்டினால் 95 லிட்டருக்கு 1.99 வெள்ளி. 97-க்கு மானியம் இல்லை, விலை வாரா வாரம் மாறும். சின்ன ஊரில் யார் 97 ஊற்றுவார்கள்? விற்பனை குறைவு, அதனால் நிலையத்துக்காரர் எடுப்பதும் குறைவு. அது அவர் தப்பில்லை. ஆனால் விலையை நாடு முழுக்க வாரந்தோறும் அறிவிக்க முடிகிற நாட்டில், எந்த நிலையத்தில் சரக்கு இருக்கிறது என்று வண்டிக்காரனுக்குச் சொல்ல ஒரு ஏற்பாடு இல்லையே! பம்ப் வரை ஓட்டிப் போய் 'ஹாபிஸ்' (தீர்ந்துவிட்டது) என்ற அட்டையைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கிறது.

ரீமேப் இல்லை, 95 கூடும் என்று தெரிந்துவிட்டால் பாதி டாங்கி இருக்கும்போதே ஊற்றும் பழக்கம் வையுங்கள். ஈப்போ போகும்போது 97-ஐ நிரப்புங்கள். பாதி தீர்ந்ததும் ஊரில் 95-ஐ ஊற்றினால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 96. கலப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. போத்தலுக்குக் கொடுக்கும் காசை 97-க்கே போட்டுக்கொள்ளலாம்.