உரப்பைக்குள் இரண்டு தாள்கள்

மதிப்புக்குரிய ஐயா,
நான் கிளிநொச்சியைச் சேர்ந்த சட்ட மாணவி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பற்றி ஆய்வு செய்கிறேன். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் சட்ட நூலகத்தில் இணையவழியாகத் தேடுகிறேன். வன்னியில் ஆவணம் என்று ஒன்றுமே இல்லை. எங்கே தொடங்கலாம்? தேசவழமை வன்னிக்குப் பொருந்துமா?
ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

நல்ல நூலகம், 1832 முதல் இருக்கிறது. அங்குள்ள நூலகருக்கே கேள்வி எழுதலாம், எழுதுங்கள். பொருந்துமா என்பதை விரிவுரையாளரிடம் கேளுங்கள். "ஒன்றுமே இல்லை" என்றீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம். உங்கள் வீட்டில் ஒரு உரப்பை இருந்திருக்காதா பிள்ளை?

எங்கள் வீட்டில் இருந்தது. 2009 தையில், சண்டைக்குள் வட்டக்கச்சியை விட்டு நடந்தபோது பெரியம்மா அரிசியைப் போட்டுவிட்டு வந்தார், உரப்பையை விடவில்லை. உள்ளே பொலித்தீனில் சுற்றிய இரண்டு தாள்கள். ஒன்று பெரியம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த, யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக் காணியின் உறுதி, அதாவது பத்திரம். மற்றது அரச காணிக்குக் கொடுத்த பெரியப்பாவின் வயல் பெர்மிட், மடிப்பில் கிழிந்து சோற்றுப் பசையால் ஒட்டியது. அதில் பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணி யாருக்கு, என்ற இடம் வெறுமையாக இருந்தது.

எல்லாரும் 1707, தேசவழமையை எழுதித் தொகுத்த ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ், அதைச் சரிபார்த்த பன்னிரண்டு முதலியார்கள் என்றே தொடங்குகிறீர்கள். சரி. ஆனால் குளத்தடியில் அரச காணி வாங்கிக் குடியேறிய சனத்தை ஆண்டது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். சீதன உறுதியில் பெரியம்மா உரிமைக்காரி. (விற்பதற்குப் பெரியப்பாவின் சம்மதம் வேண்டும் என்பது வேறு கதை.) பெர்மிட்டில் அவர் பெயரே இல்லை. அன்றைய சட்டப்படி, புருஷன் பின்னுரித்தாளர் பெயர் குறிக்காமல் செத்தால் பெண்சாதி காணியில் இருக்கலாம். தனக்குப் பிறகு யாருக்கு என்று சொல்ல ஏலாது. மறுமணம் செய்தால் இருப்பும் போய்விடும். பிள்ளைகளில், அன்றைய அட்டவணைப்படி, மகன்மார் முதலில், மகள்மார் பிறகு. ஒரே மனுஷி, ஒரே உரப்பை, ஒரு தாளில் முதலாளி, மற்றதில் குடியிருப்பாள். இதை எந்த நூலகத்தில் தேடப் போகிறீர்கள்?

மீள்குடியேறிய பிறகு, வயலை மகளுக்கு மாற்றப் பெரியம்மா ஒரு கந்தோருக்குப் போனார். "மகன் இருக்கிறாரா?" என்று கேட்டார்களாம். அதைத்தான் அவரும் எல்லாரிடமும் கேட்டுத் திரிந்தார்.

லீவுக்கு வரும்போது அம்மம்மாவிடம் ரங்குப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். படமெடுக்கும்போது தாளின் பின்பக்கத்தையும் எடுங்கள். கந்தோர்க்காரர் பேனையால் கிறுக்கியது அங்கேதான் இருக்கும்.