சீட்டில் ஆள் இருக்கிறார்

போன இதழில் ஒரு வாசகர் ஒற்றை வரியில் கேட்டிருந்தார்: "ஆபீஸில் என்னிடம் யாரும் பேசுவதில்லை, வேலையை விட்டுவிடலாமா?" அவசரப்பட வேண்டாம் என்று நான்கு வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அது போதவே போதாது என்பது அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் படித்தபோதுதான் புரிந்தது. எல்லாமே ஏறக்குறைய இதே விஷயம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அக்கா, இந்த ஆபீஸில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் லிஃப்டில் ஒருவர் "புதுசா ஜாயின் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார். என் சீட்டிலிருந்து ஐந்தாவது சீட் அவருடையது. மதியம் சாப்பிடப் போகும்போது எங்கள் வரிசையில் எல்லோரையும் கூப்பிடுவார்கள், என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். யாரும் திட்டவில்லை, கேலி செய்யவில்லை, இதுதான் குறை என்று எதையும் காட்ட முடியாது. வீட்டில் சொன்னால் "வேலை பார்க்கத்தானே போறே, சம்பளம் வருதுல்ல?" என்கிறார்கள். ஒன்றுமில்லாததை நான்தான் பெரிதாக்குகிறேனா?

பதில்: இல்லை, பெரிதாக்கவில்லை. திட்டினால் திட்டினார்கள் என்று சொல்லலாம். கூப்பிடாததை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லும்போதே சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும், அதனால் சொல்லாமல் விடுவோம், நாளாக ஆக நமக்கே நம் மேல் சந்தேகம் வந்துவிடும். நானும் அந்த இடத்தில் இருந்திருக்கிறேன். என் முதல் வேலையில் காய்ச்சல் வந்து நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் போய் உட்கார்ந்தபோது பக்கத்து சீட்டுக்காரர் முந்தின நாள் பார்த்த மாதிரியே தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். நான் வராமல் இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. காய்ச்சலின் அலுப்பெல்லாம் மறந்துவிட்டது, அந்தத் தலையாட்டல் மட்டும் இத்தனை வருடம் கழித்தும் மறக்கவில்லை.

கிப்ளிங் வில்லியம்ஸ் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். ஒரு நாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு பேர் வீசி விளையாடிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் தட்டு அவரருகே வந்து விழ, எடுத்து வீசினார். அவர்களும் அவரிடம் திருப்பி வீசினார்கள். கொஞ்ச நேரம் மூன்று பேரும் விளையாடினார்கள். பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் அவர்கள் இரண்டு பேரும் மறுபடி தங்களுக்குள் மட்டும் வீசத் தொடங்கிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், அதற்கே மனம் அவ்வளவு வலித்ததாம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் அவர் ஒரு கணினி விளையாட்டு சோதனையை உருவாக்கினார்: திரையில் மூன்று பேர் பந்தைத் தூக்கிப் போட்டுக்கொள்வார்கள், கொஞ்ச நேரத்தில் ஒருவருக்கு மட்டும் பந்து வராது. 2003-இல் நவோமி ஐசன்பெர்கரும் மேத்யூ லீபர்மேனும் அவரோடு சேர்ந்து, அப்படிப் பந்து வராதவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதியில் செயல்பாடு கூடியிருந்தது. அடுத்த வருடமே வில்லியம்ஸ் குழு இன்னொன்றையும் காட்டியது. எதிரே விளையாடுவது மனிதர்களே இல்லை, கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் பந்து வராதவருக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஐந்து சீட் தள்ளி இருப்பவர் கூப்பிடாமல் போனால் வலிக்கக் கூடாது என்று யார் சொல்ல முடியும்?

கனடாவில் ஜேன் ஓ'ரைலி, சாண்ட்ரா ராபின்சன் முதலானோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வை உங்கள் வீட்டாருக்குச் சொல்லுங்கள். அலுவலகத்தில் ஒருவரைத் துன்புறுத்துவதைவிட, கண்டுகொள்ளாமல் விடுவது சின்ன விஷயம் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் வேலையில் ஒட்டுதல், உடல்நலம், வேலையை விட்டுப் போவது என்று பார்த்தால் கண்டுகொள்ளப்படாதவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகமாக இருந்தது.

சரி, என்ன செய்யலாம்? வேண்டுமென்றே ஒதுக்குகிறார்களா, கவனிக்காமல் விடுகிறார்களா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வேலைக்குத் தேவையான மெயிலில் உங்கள் பெயரை விடுவது, மீட்டிங் இருப்பதையே சொல்லாதது, கேட்ட கேள்விக்குப் பதில் தராதது, இதெல்லாம் திரும்பத் திரும்ப நடந்தால் தேதியோடு குறித்துவைத்து, இதனால் இந்த வேலை கெடுகிறது என்ற புகாராக மேலதிகாரியிடம் கொண்டுபோங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. சாப்பாட்டுக் கூட்டம் எப்படி உருவாகிறது என்று யோசித்துப் பாருங்கள், ஒரு நாள் இரண்டு பேர் போவார்கள், மறுநாள் மூன்றாவது ஆள் சேருவார், ஒரு மாதத்தில் அது பழக்கமாகிவிடும், அப்புறம் யார் இல்லை என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தக் கூட்டத்துக்குள் ஒரே நாளில் நுழையப் பார்க்காதீர்கள். லிஃப்டில் கேட்டாரே, அவரிடம் போங்கள். "இரண்டு வருஷமா உங்க வரிசையிலதான் இருக்கேன், என் பேர் இது" என்று சிரித்தபடி சொல்லுங்கள். அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும், இனிமேல் உங்களை மறக்க மாட்டார். இன்னொரு நாள் "இன்னைக்கு நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள். பேசிவிட்டு வந்து 'உளறிவிட்டோமோ, அவருக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ' என்று இரவெல்லாம் குடையும், எனக்குத் தெரியும். எரிகா பூத்பி என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் 2018-இல் இதையே ஆராய்ந்தார்கள். முதன்முறை பேசிப் பிரிந்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டபோது, எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்திருந்ததோ அதைவிடக் குறைவாகத்தான் அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள், இரண்டு பக்கமும் அப்படியே. அந்த இரவு இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆபீஸில் சுவரே கிடையாது, ஒரே ஹால், எழுபது பேர். எல்லோர் காதிலும் ஹெட்போன். இவ்வளவு பேர் நடுவில் எப்படி இவ்வளவு தனிமை?

பதில்: சுவரை எடுத்தால் பேச்சு பெருகும் என்று நம்பித்தான் எடுத்தார்கள். இரண்டு பெரிய நிறுவனங்கள் அப்படி மாறியபோது, ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் யார் யாரோடு நேரில் பேசுகிறார்கள் என்று பதிவு செய்யும் சென்சார் அட்டையை ஊழியர்களுக்கு மாட்டிவிட்டு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். 2018-இல் வெளியான முடிவு: நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டது, மெயிலும் மெசேஜும் கூடிவிட்டன. யோசித்தால் வியப்பில்லை. நாலு பேர் பார்வையில் எந்நேரமும் உட்கார்ந்திருப்பவர் தனக்கென்று ஒரு மூலை தேடுவார், அங்கே கிடைக்கிற ஒரே மூலை ஹெட்போன்தான். பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்து 'தொந்தரவு பண்ண வேண்டாம்' என்று தானும் மாட்டிக்கொள்வார். அவர் பேச விரும்பவில்லை என்று நீங்களும், நீங்கள் விரும்பவில்லை என்று அவரும் நினைத்துக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மெசேஜையாவது அனுப்பாமல் எழுந்துபோய் நேரில் கேளுங்கள். ஒன்றே ஒன்று போதும்.

கேள்வி: மீட்டிங்கில் நான் ஒரு யோசனை சொன்னால் ஒருவரும் தலை நிமிர்வதில்லை. பத்து நிமிடம் கழித்து அதையே இன்னொருவர் சொன்னால் "சூப்பர்" என்கிறார்கள். குரலை உயர்த்திப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

பதில்: குரலைவிட இன்னொரு ஆள்தான் உங்களுக்குத் தேவை. ஒபாமா அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பெண்கள் இதே பிரச்சினைக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு பெண் முக்கியமான கருத்தைச் சொன்னால், இன்னொரு பெண் உடனே அதைத் திருப்பிச் சொல்வார், சொன்னவர் பெயரோடு. அடுத்தவர் அதைத் தன்னுடையதாக்க முடியாமல் போனது. நீங்களும் ஒரே ஒருவரிடம் பேசி வையுங்கள், "நீங்க சொன்னா நான் எடுத்துச் சொல்றேன், நான் சொன்னா நீங்க சொல்லுங்க" என்று. கூடவே, மீட்டிங்குக்கு முன்பே யோசனையை இரண்டு வரி மெயிலாக எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், அதில் தேதியும் பெயரும் தானாகவே இருக்கும்.

கேள்வி: நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை. வேலை நன்றாகப் போகிறது, பதவி உயர்வு மட்டும் வருவதில்லை. சில நாள் மாலை ஆனதும்தான் அன்றைக்கு வாயைத் திறந்தே பேசவில்லை என்பது தெரிகிறது.

பதில்: சீனாவின் சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் ஒன்பது மாதம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள், பொருளாதார வல்லுநர் நிக்கோலஸ் புளூமும் சகாக்களும் 2015-இல் அதை வெளியிட்டார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. அதே அளவு வேலை செய்த ஆபீஸ்காரர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவு. சோதனை முடிந்ததும் வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்புகிறோம் என்றார்கள், தனிமை என்பதுதான் பெரிய காரணம். ஆக உங்கள் இரண்டு குறையும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. மாதம் ஒருமுறை, செய்து முடித்ததை அரைப் பக்கம் எழுதி மேலதிகாரிக்கு அனுப்புங்கள், "அடுத்த பதவிக்கு நான் என்ன காட்டணும்?" என்று நேராகவே கேளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஆபீஸ் போக வழி இருந்தால் போங்கள். இல்லையென்றால் வேலைப் பேச்சு இல்லாத ஒரு பத்து நிமிட போன், யாரோடாவது, தினமும்.

கேள்வி: டீம் லீடராக இருக்கிறேன். என் குழுவில் ஒருவர் மூன்று வருடம் ஒரு புகாரும் சொல்லாமல் வேலை பார்த்தார். திடீரென்று ராஜினாமா. காரணம் கேட்டபோது "நான் இங்க இருந்தது யாருக்குமே தெரியாது" என்றார். அமைதியான ஆள், நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

பதில்: தொந்தரவு தராதவரை நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் நடக்கிற பெரிய தவறு. கத்துகிறவருக்கும் தாமதிக்கிறவருக்கும் உங்கள் நேரமெல்லாம் போய்விடுகிறது, சரியாகச் செய்கிறவருக்கு அடுத்த வேலைதான் போகிறது. இவர் ஒருவர்தான் என்றும் நினைக்காதீர்கள். கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உலக அளவிலான அறிக்கையில், முந்தின நாளின் பெரும்பகுதி தனிமையாக உணர்ந்ததாகச் சொன்னவர்கள் ஐந்தில் ஒரு ஊழியர்.

இன்று மாலை ஒரு தாளில் உங்கள் குழுவினர் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள், எதையும் பார்க்காமல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரோடு வேலைக் கெடு தவிர வேறு எதையாவது கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று எழுதுங்கள். யார் பெயர் கடைசியில் நினைவுக்கு வருகிறதோ, யாருக்கு எதிரே காலியாக இருக்கிறதோ, நாளைக் காலை அவரிடமிருந்து தொடங்குங்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். "போன வாரம் நீங்க அனுப்பின ரிப்போர்ட்ல அந்தப் பகுதியை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று அவர் செய்த ஒன்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். போனவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். கவனிக்காமல் விட்டது என் தப்பு என்று சொல்லுங்கள், திரும்பி வரச் சொல்லிக் கேட்காமல் அதை மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குத் தனியாகச் சாப்பிடுவதும் தனியாக இருப்பதும்தான் பிடிக்கும். பேசிப் பழகு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஏதாவது குறையா?

பதில்: ஒரு குறையும் இல்லை. விரும்பி எடுத்துக்கொண்ட தனிமை வேறு, மேலே எழுதியிருப்பவர்களுக்கு நேர்ந்தது வேறு. நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: ஐந்து வருடமாக ஒரே தளத்தில் கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிறேன். என் அடையாள அட்டையின் கயிறே வேறு நிறம். ஆண்டு விழாவில் குரூப் போட்டோ எடுத்தபோது, எடுக்கச் சொல்லி போனை என் கையில் கொடுத்தார்கள்.

பதில்: இதைப் படித்துவிட்டு வெகு நேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை. நீங்கள் போய்ப் பேசுங்கள், சிரியுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை, இது உங்கள் கூச்சத்தால் வந்தது இல்லை. கயிற்றின் நிறத்தை யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார், அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நடந்துகொள்கிறார்கள். இதைப் படிக்கிற நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் ஒன்று: அடுத்த போட்டோவுக்கு முன்னால் சுற்றிப் பாருங்கள். போனை எங்கேயாவது சாய்த்துவைத்து டைமர் போடலாம்.

கேள்வி: எங்கள் பக்கத்து வரிசையில் ஒருவர் எப்போதும் தனியாகவே இருக்கிறார். பேச வேண்டும் போல் இருக்கிறது. இரக்கப்பட்டுப் பேசுவதாக நினைத்துவிடுவாரோ என்று பயம்.

பதில்: நினைக்க மாட்டார், நீங்கள் அவரிடம் ஏதாவது கேட்டுப் போனால். "ஏன் தனியா இருக்கீங்க?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அது உள்ளே ஒரு கதவைச் சாத்திவிடும். அவருக்குத் தெரிந்த ஒரு வேலையில் உதவி கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், பெயர் தெரியாவிட்டால் முதலில் அதைத் தெரிந்துகொண்டு போங்கள். உதவி முடிந்ததும் சும்மா வந்துவிடாமல் அடுத்த நாள், "நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன், சரியா வந்துச்சு" என்று போய்ச் சொல்லுங்கள். அதற்கு அடுத்த வாரம் சாப்பிடப் போகும்போது அவர் சீட்டருகே நின்று கேளுங்கள். வேண்டாம் என்றால், சரி என்று போய்விடுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள்.