எஸ்கலேட் (escalade) என்றால் என்ன? தமிழில் அதற்குச் சொல் உண்டா?

கோட்டை மதிலில் ஏணி சாத்தி, ஏறிப்போய்த் தாக்குவதுதான் எஸ்கலேட். பீரங்கியால் மதிலை உடைத்து நுழைவதற்கும், அடியில் சுரங்கம் தோண்டுவதற்கும் இந்தப் பெயர் இல்லை. ஏணி இருக்க வேண்டும். சொல்லின் வேரே லத்தீனில் ஏணியைக் குறிக்கும் ஸ்காலாதான்.

'சண்டை தீவிரமாகிறது' என்ற பொருளில் செய்திகளில் வரும் எஸ்கலேட் (escalate) வேறு சொல். அதன் கடைசி ஒலி 'பட்டம்' என்பதில் வரும் ட். நம்முடையதில் 'வண்டி'யில் வரும் ட். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

நான் கொழும்பில் வரலாற்றுக் குறிப்புகளை மாணவர்களுக்காகத் தமிழாக்குகிறேன். இந்தச் சொல்லுக்கு 'முற்றுகை' என்று போட்டிருப்பதைப் பலமுறை பார்த்து மனம் நொந்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கதையையே எடுங்கள். போர்த்துக்கேயரிடமிருந்த கொழும்புக் கோட்டையை ஒல்லாந்தர் வளைத்திருந்தார்கள். 1655 நவம்பரில் ஏணிகளோடு பாய்ந்து ஏறப் பார்த்து, பெரும் இழப்போடு பின்வாங்கினார்கள். அப்புறம் மாதக்கணக்கில் வழியடைத்து உள்ளே இருந்தவர்களைப் பட்டினி போட்டார்கள். 1656 மே மாதம் கோட்டை பணிந்தது. ஆக, எஸ்கலேட் தோற்றது, முற்றுகை வென்றது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவனுக்கு என்ன விளங்கும்?

தமிழில் சொல் உண்டா என்று கேட்டீர்களே, பழைய இலக்கண நூல்களில் போர்ச் செயல்களைத் திணை, அதற்குள் துறை என்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். மதிலை வளைப்பதும் கைப்பற்றுவதும் உழிஞைத் திணை. அதற்குள் தொல்காப்பியம் 'மதில்மிசைக்கு இவர்ந்த மேலோர் பக்கம்' என்கிறது. இவர்தல் என்றால் ஏறுதல். புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூல் இன்னும் நுணுக்கமாகப் போகிறது: மதிலில் ஏணி சாத்துவது ஏணிநிலை, அதன் வழியே மேலே ஏறுவது எயிற்பாசி. எயில் என்றால் மதில். மதிலில் பாசி படர்வதுபோல் வீரர்கள் ஒட்டி ஏறும் காட்சி அந்தப் பெயரிலேயே எனக்குத் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

சரி, இன்று எழுதும்போது? பாடநூலுக்கும் கட்டுரைக்கும் நான் 'ஏணி சாத்தி மதிலேறுதல்' என்று எழுதுகிறேன். 'ஒல்லாந்தர் ஏணி சாத்தி மதிலேற முயன்று தோற்றனர்' என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். கதையோ கவிதையோ எழுதுகிறீர்கள் என்றால் எயிற்பாசியைத் தயங்காமல் எடுத்தாளுங்கள்.