ஒரே ஒரு டூபாதான் வாங்க முடியுமென்றால்

அன்புள்ள ஐயா,

நான் இசைக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். பித்தளை ஊதுவாத்தியங்களிலேயே ஆழமான ஓசை தரும் டூபா வாசிக்கிறேன். இத்தனை காலமும் கல்லூரிக்குச் சொந்தமான, பி ஃபிளாட் சுருதியில் அமைந்த டூபாவில்தான் பயின்று வந்தேன். படிப்பு முடிந்ததும் ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன்களுக்குச் செல்ல எண்ணியிருப்பதால், சொந்தமாக ஒரு வாத்தியம் வாங்கியாக வேண்டும். கையிலிருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். என் ஆசிரியர் எஃப் டூபா வாங்கச் சொல்கிறார். மூத்த மாணவர்களோ 6/4 என்ற பருமன் அளவுள்ள பெரிய ஸி டூபா இல்லாமல் ஆர்கெஸ்ட்ராவில் எடுபடாது என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொரு கேள்வியும் உண்டு. ஒத்திகையில் நான் பிந்துகிறேன் என்று இசை நடத்துநர் அடிக்கடி சொல்கிறார். அவர் கையசைவைப் பார்த்து, தாளம் விழும் அதே கணத்தில்தான் ஊதுகிறேன். தவறு எங்கே இருக்கிறது?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். அமெரிக்க மரபைப் பின்பற்றும் ஆர்கெஸ்ட்ராக்களை நோக்கிப் போகிறீர்கள் என்றால், 4/4 அளவுள்ள, மிஞ்சினால் 5/4 அளவுள்ள, ஐந்து வால்வு (விரலால் அழுத்தினால் குழாயின் நீளத்தைக் கூட்டும் அமைப்பு) உள்ள ஸி டூபா ஒன்றை வாங்குங்கள். அதைவிடச் சிறிய, சுருதி உயர்ந்த எஃப் டூபா இரண்டாவதாக வரட்டும். ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ வாசிக்க விரும்பினால் உங்கள் ஆசிரியர் சொல்வதே சரி. அங்கே எஃப் டூபாவும் பி ஃபிளாட் டூபாவுமே வழக்கம். பி ஃபிளாட்டில் உங்களுக்கு ஏற்கெனவே பயிற்சி இருக்கிறது. பிரிட்டனில் ஈ ஃபிளாட் டூபாவுக்கு நெடுங்கால மரபு உண்டு. எந்த ஊர் மேடைக்குப் போகப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் வாத்தியத்தை முடிவு செய்ய முடியாது. மூத்த மாணவர்களின் யோசனையை மட்டும் எந்த ஊருக்கும் நான் ஏற்க மாட்டேன்.

வயலின் கலைஞருக்கு ஒரு வயலின் போதும்போது நமக்கு மட்டும் ஏன் இந்தத் திண்டாட்டம் என்று நீங்கள் நினைக்கலாம். டூபாவுக்கென்று இன்று எழுதி வைக்கப்பட்டிருக்கும் பகுதிகள் எல்லாம் ஒரே வாத்தியத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல என்பதுதான் காரணம். 1835இல் பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்டும் யோகான் காட்ஃபிரீட் மோரிட்ஸும் காப்புரிமை பெற்ற முதல் டூபா எஃப் சுருதியில் அமைந்தது. பெர்லியோஸின் ‘சிம்ஃபனி ஃபாண்டாஸ்டிக்’ அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1830இல் அரங்கேறிவிட்டது. அதன் கடைசிப் பகுதியில் வரும் ‘டீஸ் ஈரே’ என்ற பழைய தேவாலய மெட்டை நாம் இன்று டூபாவில் ஊதினாலும், அது ஆஃபிக்லைடு போன்ற பழைய, ஒல்லியான வாத்தியங்களுக்காக எழுதப்பட்டது. அதைப் பெரிய கான்ட்ராபேஸ் டூபாவில் (ஸி, பி ஃபிளாட் டூபாக்கள் இவ்வகை) ஊதினால் பேசூன் என்னும் மர ஊதுவாத்தியங்களோடு ஒட்டாமல் தனியே பருத்து நிற்கும். முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்க’ளை 1922இல் ராவேல் ஆர்கெஸ்ட்ராவுக்கு அமைத்தபோது, ‘பிட்லோ’ பகுதியின் தனி இசையைத் தம் காலத்துச் சிறிய பிரெஞ்சு ஸி டூபாவுக்கு எழுதினார். இன்று நாம் ஸி டூபா என்று சொல்வதைவிட அது ஒரு ஸ்தாயி மேலே அமைந்த வாத்தியம். அதனால்தான் அந்த உச்சியிலுள்ள ஜி ஷார்ப்பைப் பிடிக்க இன்று பலர் டூபாவைவிடச் சிறிய, சுருதி உயர்ந்த யூஃபோனியத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு நேர் எதிராக, வாக்னர் தம் ‘நீபெலுங்’ நாடகத் தொடருக்குக் கான்ட்ராபேஸ் டூபாவை வெளிப்படையாகக் கேட்டார். புரோகோஃபியெவின் ஐந்தாம் சிம்ஃபனியைச் சிறிய எஃப் டூபாவில் ஊதினால் அடித்தளம் இல்லாத கட்டடம் போலாகிவிடும்.

ஆகவே, ஆர்கெஸ்ட்ராவில் நிலையாக வாசிப்பவர் ஒரு கட்டத்தில் இரண்டு வாத்தியங்களுக்கு வந்தே தீருவார். எது முதலில் என்பது மட்டுமே கேள்வி. அமெரிக்க வழியில் போகிறவருக்கு நான் ஸியை முன்னே வைப்பதற்குக் காரணம், அந்த ஆர்கெஸ்ட்ராக்களின் நடைமுறை வேலையில் பெரும்பகுதி டிராம்போன்களுக்கும் டபுள் பேஸ்களுக்கும் நடுவே நின்று மந்தர ஸ்தாயியைத் தாங்குவதாகவே இருக்கிறது. நல்ல ஸி டூபாவில் வாக்னரின் ‘மைஸ்டர்சிங்கர்’ முன்னிசையும் மாலரின் முதல் சிம்ஃபனியின் மூன்றாம் பகுதியில் டபுள் பேஸ், பேசூன், செல்லோக்களுக்குப் பின் வரும் அந்தத் தனி மெட்டும் ஊத முடியும். கடினம்தான், ஆனால் ஆகும். எஃப் டூபாவில் புரூக்னரின் ஏழாம் சிம்ஃபனிக்குரிய கனத்தைக் கொண்டுவருவது அதைவிடக் கடினம். அதோடு, பல எஃப் டூபாக்களில், குறிப்பாக ரோட்டரி (சுழலும்) வால்வு உள்ளவற்றில், நான்காம் வால்வில் வரும் கீழ் ஸியும் அதை ஒட்டிய ஸ்வரங்களும் அடைத்துக்கொண்டது போல வரும். எஃப் வாங்கும் நாளில் நீங்கள் முதலில் ஊதிப் பார்க்க வேண்டியது அந்தக் கீழ் ஸியைத்தான்.

இனி 6/4 மோகம். இதற்கு ஒரு வேர் உண்டு. 1930களில் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவுக்காக யார்க் நிறுவனம் மிகப் பெரிய ஸி டூபா ஒன்றைச் செய்தது. அது பின்னர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸின் கைக்கு வந்தது. ஜேக்கப்ஸ் 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்ஃபனியின் டூபா கலைஞராக இருந்தவர். அந்தப் பித்தளைக் குழுவின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்த நாதமே இலக்கணமாயிற்று. பல நிறுவனங்கள் அந்த வாத்தியத்தை அளந்து பார்த்துப் பிரதிகள் செய்தன. ஆனால் ஜேக்கப்ஸ் ஆஸ்துமாவோடு, குறைந்த நுரையீரல் கொள்ளளவோடு வாசித்தவர் என்பதை மூத்த மாணவர்கள் உங்களிடம் சொன்னார்களா? அவர் கற்பித்ததன் சாரம், மனத்துக்குள் பாட்டு தெளிவாக ஓட வேண்டும், காற்று தடையின்றி வெளியேற வேண்டும் என்பதே. அந்த நாதத்தின் முதல் பாதி அவர் மனத்தில் இருந்தது. 6/4 வாத்தியத்தை வாங்குகிறவருக்குக் கிடைப்பது மறு பாதி மட்டுமே. தெளிவான நாதம் இன்னும் மனத்தில் குடியேறாத ஒருவரிடம் பெரிய வாத்தியம் சேர்ந்தால், அகலமான, விளிம்பில்லாத, எங்கே தொடங்கியது என்று தெரியாத ஓசைதான் கூடத்தில் எஞ்சும். மேலும், 4/4, 5/4, 6/4 என்ற அளவுகளுக்குப் பொதுவான வரையறை கிடையாது. ஒரு நிறுவனத்தின் 5/4 இன்னொன்றின் 4/4ஐவிடச் சிறியதாக இருக்கக்கூடும். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

எதைப் பார்த்து வாங்குவது? சுருதியை. நாதத்தின் நிறத்தை உங்கள் காற்றும் உதடும் காலப்போக்கில் மாற்றிவிடும். வாத்தியத்துக்குள்ளேயே கோணலாக இருக்கும் ஒரு ஸ்வரத்தை நீங்கள் ஆயுள் முழுவதும் உதட்டால் வளைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஐந்தாம் வால்வை நான் வற்புறுத்துவதும் இதனால்தான். ஸி டூபாவின் குழாய் நீளம் ஏறத்தாழ 16 அடி. ஒரு முழுத் தொனி இறங்க வேண்டுமானால் நீளத்தில் சுமார் 12 சதவீதம் கூட்ட வேண்டும். முதல் வால்வு அதற்கேற்ப ஏறக்குறைய இரண்டடிக் குழாயைச் சேர்க்கிறது. இப்போது நான்காம் வால்வை அழுத்தி கீழ் ஜிக்கு வந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். வாத்தியத்தின் மொத்த நீளம் 21 அடிக்கு மேல் போய்விட்டது. இங்கிருந்து மேலும் ஒரு முழுத் தொனி இறங்கி எஃபைத் தொட, அந்த நீண்ட குழாயில் 12 சதவீதம், அதாவது இரண்டரை அடிக்கும் மேல் வேண்டும். முதல் வால்விடம் இருப்பதோ இரண்டடிதான். எட்டு அங்குலம் குறைகிறது. ஸ்வரத்தின் சுருதி அப்பட்டமாகத் தூக்கலாக ஒலிக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டவே ஐந்தாம் வால்வின் குழாயைச் சாதாரண முழுத் தொனியைவிடச் சற்று நீளமாக அமைக்கிறார்கள். பிரிட்டிஷ் வாத்தியங்களில் 1874இல் பிளேய்க்லி வகுத்த ஈடுசெய்யும் அமைப்பு இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது: நான்காம் வால்வை அழுத்தும்போது மற்ற வால்வுகளுக்கும் கூடுதல் குழாய் தானாகச் சேர்ந்துவிடும்.

வாங்கப் போகும்போது தனியாகப் போக வேண்டாம். காது நல்ல ஒருவரை, முடிந்தால் பாஸ் டிராம்போன் வாசிக்கும் ஒருவரை, உடன் அழைத்துச் செல்லுங்கள். வாத்தியத்தின் விரிந்த வாயான பெல்லுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு எல்லா டூபாவும் பிரமாதமாகவே கேட்கும். எந்த வாத்தியம் என்று சொல்லாமல் மாற்றி மாற்றி வாசியுங்கள். அவர் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, திரும்பி நின்று கேட்கட்டும். உரக்க ஊதி மயங்காதீர்கள். துவொர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்ஃபனியில் டூபாவுக்கு மெதுவான இரண்டாம் பகுதியில் மட்டுமே வேலை. மொத்தம் 14 ஸ்வரங்கள், மிக மென்மையாக. அப்படிப்பட்ட ஸ்வரங்களை, நாக்கின் முட்டல் கேட்காமல், மூச்சு விட்ட உடனே ஒலிக்கச் செய்கிறதா என்று பாருங்கள். மென்மையில் உடனே பேசாத வாத்தியத்தை, உரத்த ஓசை எவ்வளவு கவர்ந்தாலும், வைத்துவிட்டு வாருங்கள். பிறகு ஒரு நீண்ட தம்புரா போன்ற ஆதார ஒலியை ஓடவிட்டு, ஸ்கேலை மெதுவாக ஊதி, எந்த ஸ்வரத்துக்கு இடது கை முதல் வால்வின் ஸ்லைடை (இழுத்து நீளத்தை மாற்றும் குழாயை) நோக்கிப் போகிறது என்று கவனியுங்கள். அந்த ஸ்லைடு உட்கார்ந்த நிலையில் கைக்கு எட்ட வேண்டும், ஒற்றைக் கையில் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். பழைய வாத்தியமென்றால், வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைக் கழன்றுவிடாத அளவுக்கு வெளியே இழுத்து, பிறகு வால்வை அழுத்துங்கள். ‘பொப்’ என்று வெடித்தால் வால்வு காற்றைக் கசியவிடவில்லை. சத்தமே வராவிட்டால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

உதடு வைத்து ஊதும் மவுத்பீஸைப் பற்றி இரண்டு வரி போதும். உங்கள் மவுத்பீஸின் தண்டு அமெரிக்க அளவா, ஐரோப்பிய அளவா என்று தெரிந்துகொண்டு போங்கள். தண்டு சரியாகப் பொருந்தாத வாத்தியத்தைத் தவறாகக் குறை சொல்லிவிடுவீர்கள்.

பிந்துவதைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்வதும் உண்மை, நடத்துநர் சொல்வதும் உண்மை. உதடு அதிரத் தொடங்கியதும் ஒலியலை சுமார் ஐந்து மீட்டர் நீளக் குழாயைக் கடந்து பெல்லைத் தொட்டு, அதில் ஒரு பகுதி திரும்பி உதட்டுக்கு வர வேண்டும். அப்போதுதான் வாத்தியம் உதட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. இதற்கே ஒரு நொடியில் நூறில் மூன்று பங்கு ஆகிறது. நடத்துநருக்கும் உங்களுக்கும் இடையே பத்து மீட்டர் இருந்தால் இன்னும் அதே அளவு. மேல் நோக்கிய பெல்லிலிருந்து கூரைக்குப் போய்த் திரும்பும் ஒலி மேலும் தாமதிக்கிறது. வயலினோ முன்னால், வில் பட்டதும் ஒலிக்கிறது. ஆகவே தாளம் விழும் கணத்தில் ஊதுகிறவர் பிந்தத்தான் செய்வார். ஆனால் இதற்காகக் கணக்குப் போட்டு முந்த முயலாதீர்கள். அது பதற்றத்தில் முடியும். மூச்சை இழுப்பதைத் தாளத்துக்குள் வையுங்கள். முந்திய தாளத்தில் மூச்சு உள்ளே வந்து, நிறுத்தாமல், பிடித்து வைக்காமல், அப்படியே வெளியே திரும்பட்டும். பெரும்பாலான மாணவர்களின் தாமதம் மூச்சை இழுத்த பின் தொண்டையில் தேக்கி வைக்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் இருக்கிறது. குழுவில் டூபா ஒன்றே ஒன்றுதான் என்பதால், நம் தயக்கத்தை மறைக்கப் பக்கத்தில் இன்னொருவர் இல்லை. நீண்ட ஓய்வுகளுக்குப் பின் வரும் நுழைவுகளில் இது இன்னும் கூடும். நூறு தாளப் பட்டிகள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் வாத்தியம் குளிர்ந்து சுருதி இறங்கியிருக்கும். நுழைவதற்குச் சில பட்டிகள் முன்பே ஓசையின்றி உள்ளே சூடான காற்றைச் செலுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆர்கெஸ்ட்ரா டூபாவின் பகுதிகள் ஒலிக்கும் சுருதியிலேயே எழுதப்படுவதால், பி ஃபிளாட்டிலிருந்து ஸிக்கு மாறும்போது எழுத்து மாறாது. விரல்கள் முழுவதும் மாறும். மனத்துக்குள் ஒரு தொனி தள்ளிக் கணக்கிட்டு வாசிக்கும் குறுக்கு வழியில் போகாதீர்கள். ஸ்கேல்களிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் புதிதாகப் படியுங்கள். இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதால், ஆடிஷன் தேதி வந்த பிறகு வாத்தியம் தேடாமல், படிப்பு முடிவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.