குவெரி ஏன் இழுக்கிறது, விடை ஏன் தப்பாக வருகிறது: டேட்டாபேஸ் கேள்வி பதில்

கேள்வி: சார், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஆர்டர் தேதி ஃபீல்டுக்கு, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போட்டுவிட்டேன். ஒரு நாள் ஆர்டர்களை எடுக்க இன்னமும் டேபிள் முழுவதையும் படிக்கிறது. ஏன்?

பதில்: குவெரியில் நிபந்தனை எழுதும் வேர் (WHERE) பகுதியில் அந்த ஃபீல்டை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டிருப்பீர்கள். இண்டெக்ஸில் இருப்பது மணி, நிமிடத்தோடு கூடிய மதிப்பு. ஃபங்ஷன் தரும் விடை அதில் இல்லாததால், ஒவ்வொரு பதிவையும் எடுத்துக் கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது. ஃபீல்டைத் தொடாமல் எல்லையாக எழுதுங்கள்: 2024-03-15 அல்லது அதற்குப் பின், 2024-03-16க்கு முன். பிட்வீன் (BETWEEN) வேண்டாம். அது இரு முனைகளையும் சேர்த்துக்கொள்வதால் 16ஆம் தேதி நள்ளிரவு 12 மணிப் பதிவும் உள்ளே வந்துவிடும்.

மாற்றிய பிறகு, குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் (EXPLAIN ANALYZE) ஓட்டி, இண்டெக்ஸைப் பயன்படுத்தும் இண்டெக்ஸ் ஸ்கேனோ பிட்மேப் ஸ்கேனோ வருகிறதா என்று பாருங்கள். அதில் மதிப்பிட்ட பதிவுகளின் எண்ணிக்கையையும் உண்மையில் வந்ததையும் ஒப்பிடுவதுதான் முக்கியம். 10 என்று மதிப்பிட்டு 50,000 வந்திருந்தால், டேபிள் பற்றி டேட்டாபேஸ் வைத்திருக்கும் புள்ளிவிவரம் பழசாகியிருக்கலாம். அந்த டேபிளுக்கு அனலைஸ் கட்டளை கொடுங்கள். எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் குவெரியை நிஜமாகவே ஓட்டும் என்பதை மறக்க வேண்டாம். டெலீட், அப்டேட்டை ஆராயும்போது முன்னால் பிகின், முடிவில் மாற்றங்களைத் திரும்பப் பெறும் ரோல்பேக் கட்டாயம்.

கேள்வி: ஆர்டரே போடாத வாடிக்கையாளர்களை நாட் இன் (NOT IN) வைத்துத் தேடினேன். ஒருவர்கூட வரவில்லை, ஆனால் அப்படிப் பலர் இருக்கிறார்கள்.

பதில்: உள்குவெரி (குவெரிக்குள் எழுதிய குவெரி) தரும் வாடிக்கையாளர் எண்களில் எங்கோ ஒரு நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாத இடம்) இருக்கிறது. நல்லோடு ஒப்பிட்டால் விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. 'தெரியாது' என்றே வரும். வேர் பகுதி 'ஆம்' என்று உறுதியானதை மட்டுமே விடும். அதனால் ஒரே ஒரு நல் எல்லோரையும் தள்ளிவிடுகிறது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) ஆக மாற்றி எழுதுங்கள், இந்தச் சிக்கல் எழாது.

கேள்வி: வாடிக்கையாளர் டேபிளோடு ஆர்டர் டேபிளை லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN) போட்டு இணைத்தும் ஆர்டர் இல்லாதவர்கள் காணாமல் போகிறார்களே?

பதில்: அதுவும் நல் செய்யும் வேலைதான். ஆர்டர் டேபிளின் நிபந்தனையை வேர் பகுதியில் வைத்திருப்பீர்கள். ஆர்டர் இல்லாதவருக்கு அந்த ஃபீல்டுகளில் நல் வரும், வேர் அவரைத் தள்ளிவிடும். நிபந்தனையை ஜாயினின் ஆன் (ON) பகுதிக்கு நகர்த்துங்கள்.

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வரில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகப் பதிவாகியிருக்கின்றன. மீட்க முடியுமா?

பதில்: முடியாது. பதியும்போதே எழுத்துகள் அழிந்துவிட்டன, மூலத்திலிருந்து மறுபடி ஏற்றத்தான் வேண்டும். ஃபீல்டை, தமிழ் எழுத்துகளைத் தாங்கும் என்வார்சார் (NVARCHAR) வகை ஆக்குங்கள். அது மட்டும் போதாது: குவெரியில் நேரடியாக எழுதும் சொல்லின் மேற்கோள் குறிக்கு முன் ஆங்கிலப் பெரிய 'என்' (N) எழுத்து இருக்க வேண்டும். பலர் இதில்தான் தவறுகிறார்கள். நீளத்தையும் தாராளமாக வையுங்கள். 'தமிழ்' நம் கண்ணுக்கு 3 எழுத்து, டேட்டாபேஸ் கணக்கில் 5. மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பிடிக்கும்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல்லில் தமிழ் சரியாக இருக்கிறது, எமோஜி வந்தால் மட்டும் பிழை.

பதில்: டேபிள் பழைய யூடிஎஃப்8 வகையில் இருக்கிறது, அதில் ஓர் எழுத்துக்கு 3 பைட்தான். தமிழ் எழுத்துகள் 3 பைட்டில் அடங்கும், எமோஜிக்கு 4 வேண்டும். டேபிளை யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றுங்கள், கனெக்‌ஷன் அமைப்பிலும் அதையே கொடுங்கள்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் டேபிளில் இண்டெக்ஸ் சேர்ப்பது எப்படி, சார்?

பதில்: சாதாரணமாகச் சேர்த்தால், முடியும்வரை அந்த டேபிளில் எழுத முடியாது. கட்டளையில் கன்கரன்ட்லி (CONCURRENTLY) சேர்த்துக் கொடுங்கள். கூடுதல் நேரம் பிடிக்கும், ஆனால் எழுதும் வேலை நிற்காது. ட்ரான்சாக்‌ஷனுக்குள் (பிகின் முதல் முடிவு வரை ஒன்றாக நடக்கும் வேலைத்தொகுப்பு) இது ஓடாது. ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) என்றால், டேபிளை மாற்றும் அந்த மைக்ரேஷன் கோப்பில் அட்டாமிக்கை ஃபால்ஸ் (atomic = False) ஆக்க வேண்டும். பாதியில் தோற்றால் 'இன்வேலிட்' என்ற குறியோடு இண்டெக்ஸ் அங்கேயே கிடக்கும். தேடலுக்கு உதவாது, ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் சுமை மட்டும் ஏற்றும். முதலில் அதை ட்ராப் செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.