சேர்ந்து விளையாடுவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் விளையாடுவது குறித்து நீலகிரி அன்பர்கள் கேட்டவற்றுக்கு, குன்னூர்ப் பகுதியில் சிறப்புக் கல்வி ஆசிரியராகவும் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் பணியாற்றும் நான் அளிக்கும் பதில்கள் இவை.

கேள்வி (குன்னூர், கல்லூரி மாணவர்): சார், எங்கள் கால்பந்துக் குழுவில் அறிவுசார் குறைபாடு உள்ள சில இளைஞர்களைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: இதற்கென்று ஒரு முறை ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் விளையாட்டுக்காக 1968இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு, 1989 முதல் ‘யூனிஃபைட்’ என்ற பெயரில் கலப்பு அணி ஆட்டங்களை நடத்திவருகிறது. அதன் ஐவர் கால்பந்தில், களத்தில் நிற்பவர்களில் மூவர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், இருவர் மற்றவர்கள். அந்த இருவரைப் ‘பார்ட்னர்’ என்பார்கள்.

ஆனால் இந்த எண்ணிக்கையைவிட முக்கியமானது, வயதிலும் திறனிலும் இரு தரப்பாரும் ஏறத்தாழ ஒத்திருப்பது. மாவட்ட அளவில் ஆடும் ஒருவரைப் பார்ட்னராக நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்: தன் பாதியில் பந்தை வாங்கி, எதிரணியினர் அனைவரையும் கடந்து அவரே கோல் போட்டுவிட்டுத் திரும்பும்போது, அவருடைய அணியின் மூன்று பேரும் இடுப்பில் கை வைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. எதிரணிக் கோல்கீப்பர் வேண்டுமென்றே கீழே விழுந்து பந்தை உள்ளே விடுவார். அதை நம் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அவமானமும் அடைவார்கள். ஆகவே உங்கள் குழுவின் நட்சத்திர ஆட்டக்காரரை விட்டுவிட்டு, சுமாராக ஆடுகிறவர்களை அனுப்புங்கள். அவர்களுக்குத்தான் பக்கத்தில் நிற்பவருடைய உதவி உண்மையிலேயே தேவைப்படும்; பந்தும் கைமாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி (கோத்தகிரி, ஒரு தாய்): என் மகனுக்கு வயது பத்தொன்பது. டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது. மேட்டில் ஏறினாலே மூச்சு வாங்குகிறது. விளையாட விடலாமா ஐயா?

பதில்: விடலாம் அம்மா, ஆனால் மருத்துவரைப் பார்த்த பிறகு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு இருக்கும். நம்முடைய உயரத்தில் காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் குறைவு என்பதால் அது கூடுதலாகவே வெளிப்படக்கூடும். “மலைக்காரப் பிள்ளைதானே, பழகியிருப்பான்” என்று இருந்துவிடாமல் எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள பிணைப்பு இவர்களில் சிலருக்குத் தளர்ந்திருக்கும். கழுத்து வலி, நடையில் புதிதாகத் தடுமாற்றம், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விளையாட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டிக்கரணம் அடிப்பதையும் பந்தைத் தலையால் முட்டுவதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி (கூடலூர், உடற்கல்வி ஆசிரியை): இங்கே மழை பிடித்தால் மாதக்கணக்கில் விடுவதில்லை, சமதளமும் கிடைப்பதில்லை. வேறு வழி உண்டா?

பதில்: போச்சி ஆடுங்கள். சிறிய இலக்குப் பந்து ஒன்றை முதலில் உருட்டிவிட்டு, அணிக்கு நான்காக எட்டுப் பந்துகளை அதன் அருகே உருட்டும் ஆட்டம் அது. முறையான களம் 60 அடி நீளம், 12 அடி அகலம் என்றாலும், பழகுவதற்குச் சமுதாயக் கூடத்தின் தரையே போதும். பழந்துணியை இறுக்கிச் சுற்றிய பந்துகளை இரு நிறத்தில் செய்துகொள்ளலாம். எது இலக்குக்கு அருகில் என்று நூல் பிடித்து அளக்கும்போது எட்டுப் பேரும் தரையில் குனிந்து தலையோடு தலை சேர்த்துப் பார்ப்பார்கள். அந்த வாக்குவாதத்தில் நீங்கள் மட்டும் தலையிட்டுவிடாதீர்கள்.

கேள்வி (உதகை, ஓர் அண்ணன்): பங்கேற்ற அனைவருக்கும் பரிசு கொடுத்துவிடுவதுதானே நல்லது?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸிலேயே வயது, பாலினம், திறன் ஆகியவற்றை வைத்துப் பிரிவுகள் அமைக்கிறார்கள். ஒரு பிரிவில் முதல்வருக்கும் கடைசியில் வருபவருக்கும் இடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாதபடி பார்த்துக்கொள்வது அங்கே வழிகாட்டுதல். தோற்க முடிகிற ஆட்டத்தில்தான் வெற்றிக்கு மதிப்பு உண்டு. தெலங்கானாவின் தீப்தி ஜீவன்ஜி 2024இல் ஜப்பானின் கோபேயில் நடந்த மாற்றுத்திறனாளிகளுக்கான உலகத் தடகளப் போட்டியில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான டி20 பிரிவு 400 மீட்டரை 55.07 விநாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றதும், அதே ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் பெற்றதும் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தவை அல்ல.

கேள்வி (உதகை, கல்லூரி மாணவி): ஆட்டம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறோம். நட்பு எப்படி வளரும்?

பதில்: ஆட்டம் முடிந்தபின் டீக்கடையில் உட்காரும் அரை மணி நேரத்தைப் பயிற்சியின் பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் நீங்களே காசு கொடுக்காமல், ஒருமுறை அவர்களும் கொடுக்கட்டும். சில்லறையை எண்ண நேரமானால் காத்திருங்கள். ஊர்த் திருவிழாவுக்கு அவர்கள் அழைத்தால் போய்வாருங்கள். “அடுத்த ஞாயிறு வருகிறேன்” என்று வாய்வார்த்தைக்குச் சொல்லாதீர்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் அவர்கள். படிப்பு முடிந்து கோவைக்கோ சென்னைக்கோ போகும் நிலை வந்தால், கடைசி நாளில் சொல்லாமல் சில வாரங்களுக்கு முன்பே சொல்லி, உங்கள் இடத்துக்கு வரப்போகும் இளைய மாணவியை நீங்கள் இருக்கும்போதே அணியில் சேர்த்துவிடுங்கள்.