முகவுரை வெறும் அலங்காரமா?

பட்டிமன்றத்தில் எதிரணி "அரசியலமைப்பின் முகவுரையை வைத்து வழக்குப் போட முடியாது, அது வெறும் அலங்காரம்" என்றால் எப்படி மடக்குவது எனக் கேட்டிருந்தீர்கள். முதல் பாதியை ஒப்புக்கொண்டுவிடுங்கள், அது உண்மைதான். அப்புறம் 1973 கேசவானந்த பாரதி வழக்குக்கு வாருங்கள். முகவுரை அரசியலமைப்பின் பகுதியே என்றும், அதன் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது உயிர்நாடியான கூறுகளை, நாடாளுமன்றம்கூடச் சிதைக்க முடியாது என்றும் வந்தது அதில்தான் (கட்டமைப்பு விஷயத்தில் 7-க்கு 6 நீதிபதிகள், நூலிழைதான்!).

ஆனால் என் கணிப்பில் உங்கள் பெரிய ஆயுதம் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் 1994 வழக்கு. 356-ஆவது பிரிவில் மாநில ஆட்சியைக் கலைத்தால் நீதிமன்றம் கேள்வி கேட்கலாம், பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. இன்று ஓர் ஆட்சி ஆட்டம் கண்டதும் நம்பிக்கை வாக்கெடுப்பு கேட்கிறார்களே, அதற்கு வலுச் சேர்த்தது இதுதான். முகவுரையில் 1976-இல்தான் சேர்த்த 'மதச்சார்பற்ற' என்ற சொல்லை எதிரணி இழுத்தால், மதச்சார்பின்மை அடிப்படைக் கட்டமைப்பு என்பதையும் இதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது.